மருந்துக்கட்டி சொன்ன பரவாயில்லை

“மருந்துக்குப் பேசக் குரல் வேணும்னா உங்க குரல வைங்க மேடம்! எதுக்கு எம் பொண்டாட்டி குரல எடுத்திய?”

“கத்தாதீங்க அண்ணாச்சி. எஸ்தர் அக்கா சம்மதிச்சுத்தான் எடுத்தோம்.”

“அவ சம்மதிப்பா! நாளைக்குக் கிட்னியக் கேட்டாலும் ‘அதான் ரெண்டு இருக்கே’ம்பா. என்னையக் கேட்டியளா?”

“குரல் உங்களுதா, அவங்களுதா?”

இந்தக் கேள்வியோடு தேரிமேட்டுக் காலனியில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் மொத்தமாக நின்றது. மாடியில் துணி உலர்த்த வந்தவர்கள் ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப உதறினார்கள். வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் சத்தம் என்றாலே பயம். புருஷன் பெண்டாட்டி விவகாரம் கலந்த சத்தம் மட்டும் விதிவிலக்கு, அது இனிக்கும்.

சேசுராஜ் பேக்கிங் பிரிவில் இரவு ஷிப்ட் பார்க்கிற ஆள். குரல் பெரிசு, மனசு அப்படியொன்றும் கெட்டதில்லை என்பது காலனியின் கணிப்பு. அவர் மனைவி எஸ்தர் பாக்கியம் பகல் ஷிப்ட். கட்டிகளைத் தூக்கி வைக்கிற குழுவுக்கு அவள்தான் தலைவி. அன்றைக்கு அவள் சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போயிருந்தாள். அதைக் கொடுக்கப் போன இடத்தில்தான் கொட்டகைக்கு வெளியே இருக்கிற ஸ்பீக்கர் வழியாக இவர் காதில் அந்தக் குரல் விழுந்தது.

“உள்ள எம் பொண்டாட்டி யார்ட்டயோ குழையுதா. ‘பரவாயில்ல, நல்லா பிடிச்சுக்கிடுங்க’ங்கா. எட்டிப் பாத்தா அவ வாய மூடிக்கிட்டு நிக்கா! பேசினது யாரு? மருந்துக்கட்டி! கூட நிக்க ரெண்டு பேரும் சிரிக்கானுவ. எனக்கு எப்படி இருக்கும்?”

யாரோ மாடியில் களுக்கென்று சிரித்துவிட்டு இருமினார்கள்.

எதிரே நின்ற அங்கயற்கண்ணிக்குக் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம். மதுரைக்காரி. எல்லோருக்கும் கயல். முப்பத்துநாலு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை என்பதைத் தவிர அவளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்று காலனி நினைத்துக்கொண்டிருந்தது. அவள் செய்திருந்த காரியத்துக்கு டெல்லியிலிருந்தெல்லாம் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை.

காரியம் இதுதான். வானத்தில் போகிற ராக்கெட்டின் அடுக்குகள் ஒரு கட்டத்தில் ஒன்றையொன்று கழற்றிவிட வேண்டும். அந்த விவாகரத்தை நடத்திவைக்கிற மருந்துக்கட்டிகளைத்தான் தேரிமேட்டில் செய்கிறார்கள். கடலைமிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். கடலை இருக்கிற இடத்தில் மருந்துத் துகள். பாகு இருக்கிற இடத்தில் ரப்பர் மாதிரி ஒரு பிசின். துகளுக்குத்தான் வேகம், பொறுமை முழுக்கப் பிசினுடையது. துகளோடு துகள் உரசாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். மெதுவாக அழுத்தினால் வளைந்து கொடுக்கும். சட்டென்று அடித்தால் விறைத்துக்கொள்ளும். குளிரில் மிட்டாய் மாதிரி உடையும். உள்ளே ஒரு கீறல் விழுந்து, அந்தக் கீறலுக்குள் இரண்டு துகள் உரசிக்கொண்டால் அப்புறம் கதை சொல்ல ஆள் மிஞ்சாது.

கீறல் வெளியே தெரியாது என்பதுதான் தொல்லை. அதனால் பழைய வழக்கம், ஒவ்வொரு கட்டியையும் பல நாள் சும்மா கிடத்தி, எக்ஸ்ரே எடுத்து, பெரியவர்கள் தலையாட்டிய பிறகுதான் கைவைப்பது. கயல் அந்தப் பிசினுக்குள்ளேயே தலைமுடியைவிட மெல்லிய உணர்விழைகளை ஓட்டினாள். கட்டியின் எந்த மூலையில் எவ்வளவு இறுக்கம் என்று இழை சொல்லும். ஆனால் எண்ணாகச் சொன்னால் தூக்குகிற கையோடு யார் எண்ணைப் படித்துக்கொண்டிருப்பார்கள்? அதனால் பேசவைத்தாள். இயந்திரத்துக்குச் ‘செவிலி’ என்று பெயர்.

பேச்சை அது கற்றது எஸ்தரிடம். ஒரு கோடை முழுக்க எஸ்தரின் கையுறையிலும் முதுகுப் பட்டையிலும் அதே இழைகள். கழுத்தோரம் ஒரு சின்ன மைக். உடம்பு எந்த இறுக்கத்தில் இருக்கும்போது வாய் என்ன சொல்கிறது என்று செவிலி கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கட்டியின் இறுக்கத்துக்கு அந்தச் சொற்களை எடுத்துக் கொடுத்தது. யாராவது கேட்டால் எஸ்தர் பேசுகிற பாணியிலேயே பதிலும் சொல்லும். கயல் அதைப் பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டினாள். ‘நல்லாயிருக்கு’ என்றால் பச்சை. ‘பரவாயில்லை’ என்றால் மஞ்சள், வேலையைத் தொடரலாம். ‘வலிக்குது’ என்றால் சிவப்பு, உடனே நிறுத்து.

வெள்ளோட்டம் முழுக்க ஒரு கட்டிகூட ‘வலிக்குது’ என்று சொல்லவில்லை. கயலுக்கு அதில் ஏகப் பெருமை. அன்றைக்குத்தான் முதன்முதலாக எக்ஸ்ரேயும் இல்லாமல், கிடத்திவைப்பதும் இல்லாமல், செவிலியின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி ஒரு கட்டியை வார்ப்பு அறையிலிருந்து நேரே எடுத்துத் தொட்டில் என்கிற தாங்கியில் வைக்கப் போகிறார்கள். முடிய மத்தியானம் ஆகும்; ராத்திரி முழுக்க வார்ப்பைப் பார்த்துவிட்டுக் கயல் அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். அந்தக் கட்டியைத்தான் சேசுராஜ் கேட்டுவிட்டு வந்திருந்தார்.

“அண்ணாச்சி,” என்றாள் கயல், பல்லைக் கடித்துக்கொண்டு. “கட்டி ‘பரவாயில்லை’ன்னு சொன்னா நல்ல செய்தி. எல்லாம் ஒழுங்கா போகுதுன்னு அர்த்தம்.”

சேசுராஜ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பாவம் என்று பார்க்கிற பார்வை.

“நல்ல செய்தியா? மேடம், நீங்க பக்கத்து வீட்டுல மூணு வருஷமா இருக்கிய. எங்க வீட்டுல அவ ‘பரவாயில்ல’ன்னு சொன்னா நான் சட்டைய மாட்டிக்கிட்டு வெளிய ஓடிருவேன், தெரியுமா? ஒரு தடவ சொன்னா எங்கயோ வலிக்கி. ரெண்டாந்தடவ சொன்னா ஆட்டோவக் கூப்பிடணும். போன கிறிஸ்மசுக்கு எங்கக்கா வீட்டு ஆளுவ பூரா வந்து உக்காந்திருக்காவ. இவ மணிக்கட்டு வீங்கித் தேங்கா மாதிரி இருக்கு. ‘முடியுதாட்டி’ன்னு கேக்கேன், ‘பரவாயில்ல’ங்கா. திரும்பக் கேக்கேன், ‘பரவாயில்ல’ங்கா. குழம்புச் சட்டியோட அடுப்படியில சரிஞ்சு விழுந்தா!”

மாடிகளில் பலத்த சிரிப்பு. கயலுக்கும் வாயோரம் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

“அக்கா எப்பவாவது ‘வலிக்குது’ன்னு சொல்லியிருக்காங்களா?”

“அவளா? பிரசவத்துல சொல்லல.”

கோடைகாலத்து வரைபடங்கள் கயல் கண்முன்னால் வந்து நின்றன. கையுறையில் இறுக்கம் உச்சத்தில் இருக்கும்போதெல்லாம் அந்தச் சொல். அப்போது அவளுக்கு அது பிழையாகத் தெரிந்தது. எஸ்தர் அக்கா வேறு எதற்கோ சொல்லியிருப்பாள் என்று ஒதுக்கினாள். செவிலி ஒதுக்கவில்லை. செவிலி சரியாகத்தான் கற்றிருக்கிறது. பட்டியல்தான் தப்பு.

“காலையில கட்டி எத்தனை தடவை சொல்லுச்சு அண்ணாச்சி?”

“நான் நின்ன நேரத்துக்கு, மூணு, நாலு…”

அவர் முகமும் மெல்ல மாறியது. அதைக் காலனி பார்த்தது. அதற்குமேல் யாரும் சட்டையை உதறவில்லை.

கயல் வீட்டுக்குள் பாய்ந்து கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டாள். இணைப்பு பிசி. மறுபடியும் போட்டாள். பிசி. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அறையில் போன் எடுக்கிற ரெத்தினபாய்க்கு, இந்தச் சண்டையை மாடியிலிருந்து ஒரு புண்ணியவதி ஆரம்பம் முதல் நேரடி வர்ணனை செய்துகொண்டிருந்தாள். ‘இப்பம் மேடம் உள்ள ஓடுதா, போன எடுக்கா, யாருக்கோ அடிக்கா’ என்று அவள் சொல்லச் சொல்ல, ‘யாருக்குட்டி அடிக்கா?’ என்று ரெத்தினபாய் ஆசை ஆசையாய்க் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கயல் வெளியே வந்தபோது சேசுராஜ் வண்டியைக் கிளப்பிவிட்டிருந்தார்.

“ஏறுங்க.”

ஏறினாள். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் ஒருவரையொருவர் தின்றுவிடுகிற மாதிரி நின்ற இரண்டு பேர், ஒரே வண்டியில், அதுவும் அவள் நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு அவர் தோளைப் பிடித்தபடி, செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்ததைத் தேரிமேடு இன்றுவரை ஜீரணிக்கவில்லை.

வாசல்வரைக்கும்தான் பறக்க முடிந்தது. வேலிக்கு உள்ளே ஓடக்கூடாது. அது அங்கே முதல் சட்டம்; தீப்பெட்டிக்குக்கூட இரண்டாவது இடம்தான். ஓடுகிறவன் தடுக்குவான், தடுக்குகிறவன் எதையாவது பிடிப்பான். செருப்பைக் கழற்றி, அவர்கள் கொடுக்கிற செருப்பைப் போட்டு, உடம்பு மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து, பிறகு நடக்க வேண்டும். ஆபத்து வந்தாலும் நடக்க வேண்டும். சேசுராஜ் நடந்தார். கல்யாண ஊர்வலத்தில் நடக்கிற மாதிரி, கண்ணில் நீர் முட்ட, கையை ஆட்டாமல் நடந்தார். கயலுக்குத் தன் முழங்கால் தானாக ஓடப் பார்த்ததைப் பிடித்து வைப்பதே பெரும்பாடாக இருந்தது.

“சங்க ஊதச் சொல்லலாமா மேடம்?”

“வேண்டாம். சங்கு ஊதினா கையில இருக்கறத உடனே இறக்கி வச்சிட்டு வெளியே வரணும்னு சட்டம். அவசரமா இறக்கினா…”

சேசுராஜ் தலையாட்டிவிட்டு நடந்தார்.

கொட்டகையைச் சுற்றி ஆளுயர மண்மேடு. அதன் வெளிப்பக்கம் ஒரு பேச்சு ஜன்னல்: கண்ணாடி, மைக், ஸ்பீக்கர். கண்ணாடி வழியே உள்ளே தெரிந்தது. கன்றுக்குட்டி கனத்தில் பழுப்புக் கட்டி ஒன்று நான்கு பிடிகளுக்கு நடுவே அந்தரத்தில் நின்றது. எஸ்தர் கைச்சக்கரத்தைப் பிடித்திருந்தாள். துணைக்கு நின்ற இருவரும் தொட்டிலைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

“அக்கா, கயல் பேசறேன். பிடியை இறுக்காதீங்க. அந்த ரெண்டு பேரையும் வெளிய அனுப்புங்க. நடந்து.”

எஸ்தர் ஏன் என்று கேட்கவில்லை. கண்ணைக் காட்டினாள், இருவரும் நடந்து வெளியேறினார்கள்.

“நீயும் வாட்டி!” என்றார் சேசுராஜ் மைக்கில்.

“இவிய எதுக்கு இங்க வந்தாவ?” என்றாள் எஸ்தர் முதலில். பிறகு, “எப்படி வர? கைய எடுத்தா பிடி தானா இறுகிரும்லா.”

உண்மைதான். கட்டி நழுவி விழுந்துவிடக் கூடாதென்று பாதுகாப்புக்காக அப்படி வைத்திருந்தார்கள். பாதுகாப்புக்காக வைத்தது இப்போது அவளைக் கட்டிப் போட்டிருந்தது. அதுவும் அந்த மணிக்கட்டை.

“இப்ப எப்படி இருக்கு?” என்றாள் கயல்.

ஸ்பீக்கரில் பதில் வந்தது. “பரவாயில்ல.” உடனே இன்னொரு தடவை, அதே குரலில், “பரவாயில்ல.”

கயல் திகைத்தாள். ஒன்று கட்டி, ஒன்று எஸ்தர். எது எது? உள்ளே முகமூடி போட்டிருந்தவளின் வாய் தெரியவில்லை.

“முதல்ல சொன்னது மருந்து,” என்றார் சேசுராஜ். “ரெண்டாவது எம் பொண்டாட்டி. ரெண்டு பேருக்கும் முடியல.”

“எந்தப் பக்கம் இறுக்கம்னு தெரிஞ்சா அந்தப் பிடியை மட்டும் தளர்த்தலாம். தப்பான பக்கத்தைத் தளர்த்தினா கீறல் வாயைத் திறந்துரும்.” கயல் மைக்கைப் பிடித்தாள். “செவிலி, எங்க வலிக்குது?”

“ஒண்ணுமில்ல. இருக்கட்டும்.”

“எங்கேன்னு சொல்லு!”

“அட, பரவாயில்லங்கேன்.”

சேசுராஜ் தலையில் அடித்துக்கொண்டார். “மேடம், அவளை நேராக் கேட்டா உசுரு போனாலும் சொல்லமாட்டா. தன்னையப் பத்திக் கேக்கக் கூடாது. அடுத்தவளைப் பத்திக் கேக்கணும். ‘உங்க நாத்தனா எப்படி?’ன்னு கேளுங்க, பொழுதுக்கும் சொல்லுவா.”

“கட்டிக்கு ஏது அண்ணாச்சி நாத்தனார்?”

“பிடி நாலு இருக்குல்லா!”

கயல் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். மேற்படிப்பு, ஆராய்ச்சி, டெல்லி எல்லாவற்றையும் ஓரமாக வைத்தாள். தண்ணீர்க்குழாயடியில் நின்று கேட்கிற குரலை வரவழைத்துக்கொண்டாள்.

“ஏன்க்கா… இந்தப் பிடிங்க நாலும் உன்கிட்ட எப்படி நடந்துக்கிடுதுங்க?”

ஸ்பீக்கரில் குரல் கொஞ்சம் தாழ்ந்து, கிட்ட வந்து சொல்கிற தோரணையில் வந்தது.

“தெக்க உள்ளது தங்கம். அது இருக்கதே தெரியாது. கெழக்க உள்ளதும் மேக்க உள்ளதும் ஏதோ அது அது பாட்டுக்கு. இந்த வடக்க உள்ளது இருக்குல்லா… வேண்டாம், நான் சொன்னேன்னு ஆகும்.”

“சும்மா சொல்லு, நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்.”

“கீழ நெரிக்கி. சிரிச்சிக்கிட்டே நெரிக்கி.”

“வடக்கு!” என்று கத்தியே விட்டாள் கயல். “அக்கா, வடக்குப் பிடியின் கீழ் நகம். ஒரு முடி அளவு தளர்த்துங்க. அப்புறம் நிறுத்துங்க. பிடிகளோட வெந்நீர்க் குழாயைத் திறந்து விடுறேன், கொஞ்சம் சூடு ஏறினா பிசின் இளகும், தானா ஆசுவாசம் ஆகும். அதுவரைக்கும் கை அசையக் கூடாது.”

“சரி,” என்றாள் எஸ்தர். அந்தச் ‘சரி’யில் மூச்சு அடைத்தது கயலுக்கே கேட்டது.

சேசுராஜுக்குக் கேட்காமல் இருக்குமா? அவர் மைக்கை வாங்கினார். பிறகு, மருந்துக்கட்டிக்கு ஆன வைத்தியத்தையே பெண்டாட்டிக்கும் எடுத்தார்.

“ஏட்டி… எங்கக்கா எப்படி?”

“எந்தக்கா?”

“மூத்தவதான். கிறிஸ்மசுக்கு வந்தால்லா.”

கைச்சக்கரம் ஒரு முடி நகர்ந்தது. அதன் பிறகு எஸ்தர் ஆரம்பித்தாள். மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். நாத்தனார் கொண்டு வந்த பழைய புடவையில் தொடங்கி, குழம்பில் உப்பு, பிள்ளை வளர்ப்பு, மணிக்கட்டு வீங்கியிருந்த அன்று ‘நடிக்கா’ என்று அடுப்படி வாசலில் நின்று சொன்னது, அதைக் கேட்டும் கேட்காத மாதிரி கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனுஷன் என்று வந்து சேர்ந்தாள். பேச்சு ஜன்னல் கட்டுப்பாட்டு அறையோடு இணைந்தது. அங்கிருந்து எல்லாக் கொட்டகைக்கும் போகும். ரெத்தினபாய் போனை வைத்துவிட்டு, இரண்டு கையாலும் காதில் ஹெட்போனை அழுத்திக்கொண்டாள்.

“பொறவு?” என்றார் சேசுராஜ். “பொறவு என்ன சொன்னா?” அவர் கண் பெண்டாட்டி கையைவிட்டு நகரவில்லை. “வலது கை நடுங்குது மேடம். பேச்சுல தெரியுது.”

“இடது கைக்கு மாத்துங்க அக்கா. மெல்ல.”

மாற்றினாள். ஒரு சின்னக் கிறீச்.

“வடக்க உள்ளது எப்படி?” என்று கேட்டாள் கயல் கட்டியிடம்.

“இப்பம் கொஞ்சம் திருந்தியிருக்கு.”

இன்னொரு முடி. வெந்நீர் ஓடுகிற சத்தம். மறுபடியும் நாத்தனார். மறுபடியும் வடக்கு. கட்டியிடம் ஒருத்தி, மனைவியிடம் ஒருவர், மாறி மாறி வம்பளந்து, வம்பளந்து, கடைசியில் எஸ்தர் கட்டியைத் தொட்டிலில் இறக்கியபோது அது இறங்கிய சத்தமே கேட்கவில்லை. பிடிகளை முழுக்க விலக்கிவிட்டு அவள் சக்கரத்தை விட்டாள். திரும்பினாள். நடந்து வந்தாள்.

மண்மேட்டைத் தாண்டி வந்தவளிடம் கயல் கேட்டாள், “எப்படிக்கா இருக்கு?”

முகமூடியைக் கழற்றிய எஸ்தரின் உதடு ‘ப’வுக்கு மூடியது. கயலின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திறந்தது.

“கை போச்சு கயலு,” என்று சொல்லிவிட்டு மண்ணில் உட்கார்ந்து அழுதாள். சேசுராஜ் பக்கத்தில் குந்தினார். தொடலாமா வேண்டாமா என்று தெரியாமல் அவள் செருப்பைச் சரிசெய்தார்.

எக்ஸ்ரேயில் கீறல் தெரிந்தது. வடக்குக் கீழ் நகம் பிடித்த இடத்திலிருந்து விரல் நீளம், உள்நோக்கி. இன்னொரு சுற்று இறுக்கியிருந்தால் தேரிமேட்டின் பெயரை நீங்கள் செய்தியில்தான் கேட்டிருப்பீர்கள்.

விசாரணைக்கு நம்பிராஜன் என்று ஒரு அதிகாரி வந்தார். ஒல்லி, கண்ணாடி, பேச்சில் முற்றுப்புள்ளி அதிகம்.

“தப்பு இயந்திரத்தோடதா, அந்த அம்மாவோடதா?” என்று கேட்டார்.

“என்னோடது,” என்றாள் கயல். “அது வலியைச் சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு. பட்டியல்ல நான்தான் அதுக்கு மஞ்சள் அடிச்சேன்.”

“அப்ப குரலை மாத்திடலாம். சென்னையில வானொலிக்காரங்க இருக்காங்க. ‘அபாய நிலை இரண்டு’ன்னு தெளிவா சொல்லுவாங்க.”

“வேண்டாம் சார்,” என்றது தூக்குகிற குழு ஒரே வாயாக. “அந்தம்மா சொன்னா எங்களுக்குப் புரியாது. எஸ்தரக்காதான் வேணும்.” சிபாரிசுக் கூட்டத்தில் முன்னால் நின்றவர் சேசுராஜ் என்றால் நம்புவீர்களா? காலனியே நம்பவில்லை.

ஆக எஸ்தரையே மறுபடியும் உட்கார வைத்தார்கள். கையில் கட்டு, உடம்பெல்லாம் இழை. கேன்டீனுக்குப் பின்னால் ஒரு அறை. “வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க அக்கா, அது போதும்,” என்றாள் கயல்.

எஸ்தருக்கு அது வரவில்லை. முதல் நாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி வந்தது. இரண்டாம் நாள் சிரிப்பாக வந்தது. ஒரு மத்தியானம், கட்டுப் பிரிக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல், அடிவயிற்றிலிருந்து வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை. மணிக்கட்டு, முதுகு, இருபது வருஷக் குடும்பம் எல்லாம் வந்தது. கயல் இயந்திரத்தை நிறுத்தலாமா என்று கேட்டாள். “எதுக்கு? ஓடட்டும். நான் சொன்னா எங்க வீட்டுல கேக்கமாட்டாவ, வெடிகுண்டு சொன்னா கேப்பாவ,” என்றாள் எஸ்தர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

செவிலி திருந்தியது. கட்டிகள் வாயைத் திறந்ததும் உற்பத்தி பாதியாகக் குறைந்தது. மேலிடம் முணுமுணுத்தது. கட்டிகளைப் பார்த்துக் கெட்டுப்போனவர்கள் மாதிரி ஆட்களும் முதுகு வலிக்கிறது, கண் எரிகிறது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அவற்றைக் கேட்க ஒரு டாக்டர் போட வேண்டியதாயிற்று. எஸ்தரின் கை ஆறும்வரை தூக்குகிற குழுவில் அவள் இடத்துக்கு ஆள் வேண்டுமென்றபோது, இரவு ஷிப்டை விட்டுவிட்டு சேசுராஜ் தானாக வந்து நின்றார். நாள் முழுக்கப் பெண்டாட்டி குரல் ‘வலிக்குது’ என்று சொல்ல, இவர் ‘இந்தா, இந்தா’ என்று தளர்த்திக்கொண்டிருந்தார். கிண்டல் பண்ணியவர்கள்கூட இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள்.

அப்புறம் அது நடந்தது. நன்றாக வார்க்கப்பட்ட ஒரு கட்டி. இறுக்கமே இல்லை, திரையில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. தொட்டிலில் இறக்கிவிட்டு, வழக்கம்போலச் சேசுராஜ் கேட்டார், “இப்பம் எப்படி இருக்கு?”

‘நல்லாயிருக்கு’ என்று வந்திருக்க வேண்டும்.

“அவிய ஊர்ல இல்ல,” என்றது கட்டி.

இப்படி ஒரு நிம்மதியான குரலை அந்தக் கொட்டகை அதுவரை கேட்டதில்லை. உடன் நின்ற இருவரும் சுவரைப் பார்த்தார்கள்.

கயல் பதிவைத் தோண்டினாள். கோடையில் ஒரு வாரம் சேசுராஜ் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தார். குழாயடியில் யாரோ, ‘என்ன மயினி, முகம் தெளிச்சியா இருக்கு?’ என்று கேட்டிருக்கிறார்கள். எஸ்தர் சாதாரணமாகச் சொன்ன பதில் அது. அந்த நிமிஷத்தில்தான் அவள் உடம்பில் இறுக்கம் மிகக் குறைவு. அதைவிடக் குறைந்த நிமிஷம் பதிவு முழுக்க எங்கும் இல்லை.

“அழிச்சிரலாம் அண்ணாச்சி,” என்றாள் கயல். “ஒரு நிமிஷ வேலை. நல்லாயிருக்குன்னு மாத்திடறேன்.”

சேசுராஜ் கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றுமில்லை.

“வேண்டாம் மேடம். பொய் சொல்லிப் பழகிட்டுன்னா பொறவு வலியையும் மறைக்கும்.” பிறகு, “அவ வேணும்னே சொல்லல. அதான் எனக்கு…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவ்வளவு பெரிய குரல் அவ்வளவு சின்னதாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

இதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும். விசாரணை முடிந்தும் நம்பிராஜன் சந்தேகம் கேட்கிற சாக்கில் வாராவாரம் வந்தார். சந்தேகம் தைமாதம் தீர்ந்தது. கயல் அவரைக் கட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குக் குடிபோனாள். பெண்பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை எப்படி என்று அம்மா கேட்டதற்கு அவள் ‘பிடிச்சிருக்கு’ என்று பளிச்சென்று சொன்னதாகவும், மதுரை வீட்டார் திகைத்துப் போனதாகவும் ரெத்தினபாய் சொல்கிறாள். ரெத்தினபாயைப் போனிலிருந்து எடுத்துக் கேன்டீனில் போட்டார்கள். அவளுக்கு அதில் சந்தோஷம்தான். செய்தி அங்கே சூடாகக் கிடைக்கிறது.

சேசுராஜ் ஒடிசாக் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். யாரும் போகச் சொல்லவில்லை, எஸ்தரும் சொல்லவில்லை. பேருந்து நிலையம்வரை போய் வழியனுப்பினாள். திரும்பி வந்து கதவைச் சாத்தியவள் மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் திறந்தாள். அதுவரை காலனி ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தது. தூங்கியிருக்கிறாள், வேறொன்றுமில்லை.

இரண்டு மாதம் கழித்து அவளும் பெட்டியைக் கட்டினாள். அட, புருஷனோடு சேரப் போகிறாள் என்று வாசல் வாசலாக நின்று கையசைத்தோம். ஆவல் தாங்காத இரண்டு பேர் பேருந்து நிறுத்தம்வரைக்கும் கூடவே போனார்கள். ரயிலடிக்குப் போகிற வண்டி வந்தது, எஸ்தர் ஏறவில்லை. அடுத்து வந்தது நாகர்கோவில் வண்டி. அங்கே ஒரு ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் முடிந்து கிடக்கிறவர்கள் ‘பரவாயில்லை’ என்று சொல்லும்போது பக்கத்தில் நின்று கேட்க ஒரு ஆள் வேண்டுமென்று கயல் மூலமாகக் கேட்டிருந்தார்களாம். ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தாள். அவர் ஒடிசாவிலிருந்து வந்தால் எங்கே வருவார் என்று கூடப் போனவர்கள் கேட்டதற்கு, “வந்தாவன்னா வழி கேட்டு வரட்டும்,” என்றாள்.